‘லிஸம்’ என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

பிப்ரவரி 4

என் சிட்டுவுக்கு,

அக்கா எழுதுவது. உன் மூட்டுவலி தீராதவரை நீ நலமில்லை, என் காது திறக்காதவரை நானும் நலமில்லை. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுவோம். இரண்டு பேரும் இருக்கிறோம், அது போதும்.

டிசம்பரில் நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கேட்டால் “தையல் வேலை தலைக்கு மேல கெடக்கு” என்பாய். அதைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு நாலு வரி எழுதினால் ஊசி முறிந்துவிடுமா? கடல் தாண்டி இருக்கிறவளோடு போனில் பேசலாம் என்றால் என் காதில் ‘கொய்ங்’ என்ற சத்தம்தான் விழுகிறது. கடிதம் ஒன்றுதான் எனக்குக் கேட்கிறது.

எங்கள் ஆபீஸில் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒருவழியாக ‘எல்’ எழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பதினோரு வருஷம்! இந்த வேகத்தில் போனால் ‘இசட்’ வரும்போது நான் சுவரில் படமாகத் தொங்குவேன். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், எந்த வாக்கியத்தையும் முடிக்காததால் நாங்கள் ‘கமா’ என்று கூப்பிடுகிறவர். அவருக்கு ஒரு சட்டம். ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதினால், அது எழுதுகிறவர் கண்ணால் பார்த்த விஷயமாக இருக்க வேண்டும். “கற்பனையா எழுதுறது பொய்ச்சாட்சி சொல்ற மாதிரிம்மா, அதனால…” என்று இழுப்பார். சொல்லை எழுதுகிற அட்டையின் அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும்.

நேற்று எனக்கு வந்த சொல் லிஸம் (lissom). ஆங்கிலக்காரர்களே அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள். நளினம் என்று போட்டேன், பாதிதான் வந்தது. நளினமாகச் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியுமே. ஒல்லி என்றால் தப்பு. ஒல்லியாக இருந்தும் மூட்டை உருள்வதுபோல் நடப்பவர்கள் உண்டு, நான் இல்லையா? துவளும் என்றால் வாடின கீரைத்தண்டு ஞாபகம் வருகிறது. எலும்பு இருப்பதே தெரியாமல் வளைந்து அசைகிற உடம்பு, அப்படி அசைவது அதற்கே தெரியக்கூடாது. நின்றுகொண்டிருப்பவளுக்கு இந்தச் சொல் ஒட்டாது. அவள் நடக்க வேண்டும்.

நான் அப்படிக் கண்ணால் பார்த்தது ஒரே ஒருத்தியைத்தான். அதனால் இப்படி எழுதினேன்: ‘பள்ளிக்கூட உடுப்போடு அந்தச் சிறுமி, மாலை நாலு மணிக்கு, மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் லிஸமாக நடந்தாள்.’ பார்த்தேன். கையெழுத்து. உன்னை அகராதியில் ஏற்றிவிட்டேன், சந்தோஷம்தானே?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

சிட்டு. அகராதி பிடிச்சவளுக்கு அகராதி ஆபீஸிலேயே வேலை கொடுத்த புண்ணியவான் யார் என்று இன்றைக்கும் நானும் இவரும் பேசிச் சிரித்தோம். ஊசி முறியவில்லை, மிஷின் பெல்ட்தான் அறுந்தது. இந்த மாதம் மூன்றாம் தேதி. அதனால்தான் ஒரு விஷயம் தேதியோடு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீடு நாலாவது மாடி, மொட்டைமாடிக்கு அடுத்த கீழ்த்தளம். என் மிஷின் ஜன்னலோரம். எதிரே இன்னொரு கட்டிடம். இரண்டு மொட்டைமாடிகளையும் சேர்த்து ஒரு சாண் அகலத்தில் ஒரு சுவர் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் போவதற்காகக் கட்டியது. அதில் காக்கா உட்காரவே யோசிக்கும். பெல்ட் அறுந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா, நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சுவர்மேல் ஒரு பெண் நடந்து போகிறாள். பள்ளிக்கூட உடுப்பு. கையை விரிக்கவில்லை, கீழே பார்க்கவில்லை, எங்கேயோ கடைக்குப் போகிற மாதிரி போகிறாள்.  அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வருகிறாள். பாதிச் சுவர் வரை வந்து திரும்பிப் போகிறாள். இவரிடம் காட்டினால், “எங்கடி? குழாய்தான் தெரியுது. கண் டாக்டர்கிட்டப் போவோமா?” என்கிறார். லிப்ட் ரிப்பேர் பண்ணுகிறவருக்கு மேலே கீழே தவிர வேறு திசை தெரியாது.

உன் லிஸம் எனக்குப் புதுச்சொல் இல்லையே அக்கா. என்னை விளையாட்டுப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி நம் விளையாட்டு டீச்சர் எழுதிக் கொடுத்த தாளில் அது இருந்தது. அப்பா கூடத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். அன்றைக்கு நீ வேறு அர்த்தம் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம். எனக்குத்தான் மறதியோ என்னவோ.

சிட்டு


பிப்ரவரி 28

சிட்டு,

முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு ஞாபகம்? பதினாறு வயதில் எனக்கு என்ன தெரியும்! அதை விடு.

அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை? பெற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் வாட்ச்மேனிடம் சொல். நாளைக்கு ஏதாவது ஆனால், பார்த்துக்கொண்டிருந்தவள் நீ என்று ஆகிவிடும். உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே கமா ஒரு வாரமாக இருமிக்கொண்டிருக்கிறார், இருமலையும் முடிக்க மாட்டேன் என்கிறார்.

பதில் போடு. உடனே போடு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

நீ சொன்னபடி இரண்டு கட்டிடத்துக்கும் பொதுவான வாட்ச்மேனிடம் கேட்டேன். எதிர்க் கட்டிடத்தில் குடித்தனமே கிடையாதாம், எல்லாம் ஆபீஸ்தானாம். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. “கொழந்தையா? இங்க ஏதும்மா கொழந்தை?” என்றார். மேலே வந்து என்னோடு நின்று பார்த்தார். அவள் அவர் கண்ணெதிரே நடந்து போனாள். “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறவள். டேப் வைக்காமலே யாருக்கும் அளவு சொல்லிவிடுவேன். அவளை அளந்துவிட்டேன். தோள் பதிமூன்றரை, இடுப்பு இருபத்திரண்டு, பாவாடை நீளம் இருபத்தாறு. பாவாடை விளிம்பைப் பிரித்து இறக்கி விட்டிருக்கிறார்கள். வெள்ளை நூல் பாதியில் தீர்ந்துபோய் மீதியை நீல நூலில் அடித்திருக்கிறார்கள். எந்தத் தையல்காரியும் அப்படிச் செய்ய மாட்டாள், வீட்டில் அவசரத்துக்கு ஒரு அம்மா செய்வது. உன் பெட்டியில் என் பழைய பள்ளிக்கூட உடுப்பு ஒன்று கிடக்கிறதே, அதை எடுத்து அளந்து எழுதேன்.

இன்னொரு சேதி. என் மூட்டுவலி போய்விட்டது. ஒத்தடமும் இல்லை, தைலமும் இல்லை. நேற்று நாலு மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்காமல் நின்றேன். இவர் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே!

சிட்டு


மார்ச் 20

சிட்டு,

அளந்தேன். தோள், இடுப்பு, நீளம் மூன்றும் நீ எழுதியபடியே. விளிம்பில் வலது பக்கம் நீல நூல்.  உடுப்பை மடிக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிட்டு, மூன்றாம் தேதிதான் நான் அந்த அட்டையை எழுதினேன். நீ பெல்ட் அறுந்ததாகச் சொன்ன அதே நாள். நாலு மணி என்று எழுதியவளும் நான்தான். இதை ஆபீஸில் யாரிடமாவது சொன்னால் எனக்கு லீவு கொடுத்துவிடுவார்கள். அதனால் நேற்று, அதாவது பத்தொன்பதாம் தேதி, யாரும் இல்லாத நேரம் பார்த்து அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி வர மாட்டாள். கமா கேட்டால் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீ ஜன்னலைச் சாத்தி வை. மிஷினை உள் அறைக்கு மாற்று. மாப்பிள்ளையிடம் சொல்லி இன்றைக்கே மாற்று. அக்கா கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

ஏன் கிழித்தாய்? உன்னை யார் கிழிக்கச் சொன்னது?

பத்தொன்பதாம் தேதி அவள் நடுச்சுவரில் கால் தவறி விழுந்தாள். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கத்தவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு இந்தப் பக்கம் தோள்பட்டை இறங்கிவிட்டது அக்கா, நிஜமாகவே இறங்கியது, டாக்டர் வந்துதான் ஏற்றிவிட்டார். மூன்று நாள் அவள் தொங்கியபடியே இருந்தாள். மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது, படித்ததும் விஷயம் புரிந்துபோயிற்று. ஆனால் இருபத்திரண்டாம் தேதியே அவள் மேலே ஏறிவிட்டாள். நீ மறுபடி எழுதியிருக்கிறாய், இல்லையா? உன்னால் தாங்க முடிந்திருக்காது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா!

இனி அதில் கை வைக்காதே.

நான் இப்போது சாயங்காலங்களில் எங்கள் மொட்டைமாடிக்குப் போகிறேன். சும்மா ஓரமாக நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிகிறது, அவள் பாதம் வைப்பதே இல்லை, தண்ணீர் மாதிரி ஊற்றுகிறாள். நேற்று என்னைப் பார்த்து வா என்று கையசைத்தாள். எனக்கு உடம்பு எடையே இல்லாத மாதிரி இருந்தது. நான் பழையபடி நடக்கிறேன் அக்கா! என் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துத் தைத்து முடியவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி நாலு மணிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அது என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிப் பள்ளிக்கூடத்து பஸ் நம் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டு, நான் இல்லாமல் போன நாள்.

சிட்டு


ஏப்ரல் 1

என் கண்ணே சிட்டு,

போகாதே. ஒரு சாண் சுவர் அது. நாலு மாடி. உனக்கு ஐம்பது வயது. நீ எவ்வளவு மெலிந்தாலும் கீழே இருப்பது சிமெண்ட் தரைதான்.

ஆம், மறுபடி எழுதினேன். கிழித்த மூன்றாம் நாளே வேறெந்தச் சொல்லையும் எழுத முடியாமல், அதே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைப்பிஸ்ட் பெண்ணை விட்டு உங்கள் வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன். மாப்பிள்ளைதான் எடுத்தாராம். “அவ ரொம்ப நல்லா இருக்கா, பாட்டெல்லாம் பாடுறா, நீங்க ஏன் கவலைப்படுறீங்க?” என்றாராம். அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் புறப்பட்டு வரலாம் என்றால் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். கவுண்டரில் நின்று அழுதுகூடப் பார்த்தேன்.

அதனால் இதை எழுதுகிறேன். முப்பத்தேழு வருஷமாக எழுதாததை.

அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். டீச்சர் அந்தத் தாளை என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். வழியிலேயே பிரித்துப் படித்தேன். சொல் புரியவில்லை, பள்ளி நூலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரிய அகராதியில் பார்த்தேன். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அப்பா கூடத்தில் நின்று, “இங்கிலீஷ்ல நீதானே புலி, இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு” என்றார். “அடக்கமில்லாம உடம்ப வளைச்சு ஆட்டுறவன்னு அர்த்தம்ப்பா” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று. அப்பா தாளை நாலாகக் கிழித்தார். உன்னை இழுத்து வந்து, இனிமேல் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் பாடப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன்.

பொறாமைதான். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நீ நடந்தால் தெருவே நின்று பார்க்கும், நான் நடந்தால் யாரும் வழிகூட விட மாட்டார்கள். ஆனால் அது மட்டும் இல்லை சிட்டு. நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அப்பாவின் கோபத்துக்கு நடுவே நான் தனியாக மாட்டிக்கொள்வேன். அந்த பயத்தில் உன் காலை நான் வெட்டினேன். அதற்கப்புறம் நீ நடந்தது நடையா? பானையைத் தலையில் வைத்த மாதிரி, முதுகை விறைத்துக்கொண்டு. அகராதி ஆபீஸில் நான் ஏன் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? ஒரு சொல்லுக்காவது சரியான அர்த்தம் எழுதிவிட்டுச் சாக வேண்டும் என்றுதான்.

என்னைத் திட்டு. இனி என் முகத்திலேயே விழிக்காதே. ஆனால் கீழே நில். சுவரில் ஏறாதே. என்னை மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ ஒரு வரி எழுது. எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். உன்னிடமிருந்து வந்தால் போதும்.

உன் பாவி அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அந்தத் தையல்கார அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். அழுதாள். அவளுக்கு விஷயம் முன்னாலேயே தெரியும். நீ பொய் சொன்ன அடுத்த வாரமே அவள் பள்ளி நூலகத்துக்குப் போய் அதே அகராதியைப் பிரித்துப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. நீ எங்கே கோடு போட்டாலும் கடைசியில் ஒரு சுழி சுழிப்பாய், அது இருந்தது. நீயாகச் சொல்வாய், சொல்வாய் என்று முப்பத்தேழு வருஷம் காத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டாய். நன்றாகவே சொல்லியிருக்கிறாய்.

நேற்று நாலு மணிக்கு நான் சுவரில் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை, நீ சும்மா பயந்தாய்! நடு வரைக்கும் இரண்டு பேர் இருந்தோம். எதிர்க் கட்டிடத்திலிருந்து அவள், வீட்டு மொட்டைமாடியிலிருந்து நான். சுவர் ஒரு சாண்தானே, ஒதுங்க இடமில்லை. ஒருத்தரை ஒருத்தர் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. காற்று உள்ளே புகுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் நான் எதிர்க் கட்டிடத்துப் பக்கம் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா தன் மொட்டைமாடிப் படியில் தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள், மூட்டைப் பிடித்துக்கொண்டு.

இங்கே பூட்டெல்லாம் ஒன்றும் செய்யாது. மொட்டைமாடி பெரியது. வெயில் சுடவில்லை. எவ்வளவு ஓடினாலும் யாரும் அதட்டுவதில்லை. இங்கிருந்து அவள் ஜன்னல் நன்றாகத் தெரிகிறது. காலையிலிருந்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். மிஷின் ஓடுகிறது, ஊசியில் நூலே கோக்கவில்லை. துணியில் வெறும் ஓட்டை ஓட்டையாக விழுந்துகொண்டிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார், பாவம், கையைப் பிசைந்தார். “உங்க அக்காவுக்குப் போன் போடட்டுமா?” என்று கேட்டார். ஜன்னல் திறந்துதான் இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது.

எனக்கு உன்மேல் கோபமே இல்லை அக்கா. கோபத்தையெல்லாம் அவள்தான் இத்தனை வருஷம் மூட்டில் வைத்திருந்தாள். அதனால் மன்னிக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. நீ எதைப் பற்றி எழுதியிருந்தாய் என்பதே எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும்போல் இருக்கிறது. மன்னிப்பு வேண்டுமென்றால் நீ அவளிடம்தான் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் வந்ததும் போய்க் கேள். கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், நல்ல அம்மாதான்.

ஆனால் அவர் போன் போடட்டுமா என்று கேட்டபோது, அவள் தலையைத் தூக்கி, மரியாதையாக, “எந்த அக்கா? எனக்கு அக்கா யாரும் இல்லையேங்க” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
சிட்டு
எட்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு